தோல் கெடாமல் வீழ்த்த எந்தக் காலிபர்? கொயோட்டி, நரி வேட்டைக்கான தோட்டாக்கள்: ஓர் ஒப்பீடு

வட அமெரிக்காவில் கொயோட்டி (நரியைவிடப் பெரிய காட்டு நாயினம்), செந்நரி, சாம்பல் நரி, பாப்கேட் (ஒருவகைக் காட்டுப் பூனை) ஆகிய விலங்குகளின் உரோமம் நவம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரையிலான குளிர்காலத்தில்தான் முழு அடர்த்தியை எட்டுகிறது. அந்த மாதங்களில் தோலுக்காக வேட்டையாடுபவருக்கு வரும் சிக்கல் மான் வேட்டைக்காரருக்குப் பழக்கமில்லாத ஒன்று. மானைச் சுடுபவர், குண்டு நெஞ்சைத் துளைத்து மறுபக்கம் வெளியேறுவதை வரவேற்பார். இரண்டு துளைகள் இருந்தால் இரத்தத் தடம் தெளிவாக விழும், விழுந்த விலங்கைத் தேடிக் கண்டுபிடிப்பதும் எளிதாகும். தோலுக்காகச் சுடுபவருக்கோ அந்த இரண்டாவது துளைதான் நட்டம். நுழைந்த இடத்தில் பென்சில் முனையளவே இருந்த காயம், வெளியேறிய இடத்தில் கைமுட்டி நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தால், எவ்வளவு நல்ல உரோமமாக இருந்தாலும் அது தரம் பிரிப்பவரின் மேசையில் பழுதான தோல் என்ற குவியலுக்கே போய்ச் சேரும்.

இந்தக் கவலை முன்பைவிட இப்போது கூடுதலாகப் பொருள் உடையது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து நார்த் பே நகரில் நடைபெறும் ஏலங்களுக்குச் செல்லும் தோல்கள் அளவு, நிறம், அடர்த்தி, சேதம் என்று பல படிகளில் பிரிக்கப்படுகின்றன. நார்த் அமெரிக்கன் ஃபர் ஆக்‌ஷன்ஸ் என்ற பெரிய ஏல நிறுவனம் 2019-இல் கடன் நெருக்கடிக்குள்ளானது. குளிர்கால மேலங்கிகளின் தலைமூடி விளிம்புக்குக் கொயோட்டி உரோமத்தைப் பயன்படுத்திவந்த கனடா கூஸ் நிறுவனம், உரோமப் பயன்பாட்டைக் கைவிடுவதாக 2021-இல் அறிவித்தது. வாங்குபவர்கள் குறையும்போது முதலில் ஒதுக்கப்படுவது ஓட்டை விழுந்த தோல்தான். ஆகவே, எந்த ரைஃபிள் என்ற கேள்வி வெறும் ஆர்வத்தின் பாற்பட்டதாக இல்லாமல், உழைப்புக்குப் பயன் கிடைக்குமா என்ற கேள்வியாகிவிடுகிறது.

ஆனால் பெரும்பாலானோர் அந்தக் கேள்வியைத் தொடங்கும் இடம் தவறு என்பது என் கருத்து. காலிபர் என்பது குழலின் விட்டம் மட்டுமே; தோட்டாப் பெயர்களில் வரும் 17, 204, 223 போன்ற எண்கள் அதை அங்குலக் கணக்கில் ஏறத்தாழக் குறிப்பவை. நுழையும் துளையின் அளவை அது ஓரளவு தீர்மானிக்கிறது என்பது உண்மை, ஆனால் 0.172 அங்குலத் துளைக்கும் 0.243 அங்குலத் துளைக்கும் உள்ள வேறுபாடு, அடர்ந்த குளிர்கால உரோமத்துக்குள் ஏறக்குறைய மறைந்துவிடும். தோலை அழிப்பது வெளியேறும் காயம். அது உண்டாகுமா என்பதைத் தீர்மானிப்பவை குண்டின் கட்டமைப்பு, அது விலங்கைத் தொடும் கணத்தில் உள்ள வேகம், அது கடக்க வேண்டிய உடலின் ஆழம் ஆகிய மூன்றும்தான். கொயோட்டி 9 முதல் 20 கிலோ வரை எடையுள்ள விலங்கு. உரோமத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால், பக்கவாட்டில் அதன் நெஞ்சின் குறுக்களவு ஒரு சாண்கூட வராது. செந்நரியின் எடை பெரும்பாலும் 3 முதல் 7 கிலோ வரைதான். இவ்வளவு சிறிய ஆழத்துக்குள் ஒரு குண்டு தன் ஆற்றல் முழுவதையும் செலவழித்துத் தீர்ந்துபோக வேண்டும் என்பதே நாம் எதிர்பார்ப்பது.

இதை அடைய இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, மெல்லிய செப்புறையும் கூரிய பாலிமர் முனையும் கொண்ட இலகுவான குண்டை மிகுந்த வேகத்தில் செலுத்தி, அது நெஞ்சுக்குள் நுழைந்ததும் துகள் துகளாக நொறுங்கும்படி செய்வது. இதயமும் நுரையீரலும் உடனே செயலிழக்கும். துகள்களுக்கு மறுபக்கத் தோலைத் துளைக்கும் வலு மிஞ்சாது. இரண்டாவது வழி, விரியாத குண்டால் ஊசி குத்தியதுபோல் நேராகத் துளைத்து, இரண்டு சிறு துளைகளை மட்டும் விட்டுச்செல்வது. பாம்பும் சாக வேண்டும், கோலும் முறியக் கூடாது என்ற நிலைக்கு இரண்டுமே விடை போலத் தோன்றினாலும், இரண்டாவது வழியில் சிக்கல்கள் அதிகம். அதைப் பின்னர் பார்க்கலாம்.

முதல் வழியிலும் ஓர் ஆபத்து உண்டு. குண்டு அளவுக்கு மீறி மென்மையாகவும் வேகமாகவும் இருந்து, தோள்பட்டை எலும்பில் மோதினால், உள்ளே நுழைவதற்கு முன்பே தோலின் மேற்பரப்பில் வெடித்துச் சிதறும். அப்போது வெளியேறும் காயத்துக்குப் பதிலாக, நுழைந்த பக்கத்திலேயே உள்ளங்கை அகலத்துக்குக் குழிவான காயம் ஏற்படும். உள்ளுறுப்புகளைத் துகள்கள் எட்டாததால் விலங்கு ஓடியும் போய்விடலாம். தப்பி ஓடிய விலங்கு வேதனையுடன் எங்கோ மெல்ல மடியும். அதன் தோலில் சேதம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது வேட்டைக்காரரின் கைக்கு வரப்போவதில்லை. எனவே, மறுபக்கம் துளைக்காத அளவுக்கு மென்மை, எலும்பைத் தாண்டி உள்ளே செல்லும் அளவுக்கு உறுதி என்ற குறுகிய இடைவெளிக்குள்தான் இந்தத் தேர்வு முழுவதும் நிகழ்கிறது. ஒவ்வொரு தோட்டாவும் அந்த இடைவெளியை எவ்வளவு அகலமாக வைத்துத் தருகிறது என்பதே என் அளவுகோல்.

ரிம்ஃபயர் தோட்டாக்கள்

விளிம்பில் அடித்து எரியூட்டப்படும் ரிம்ஃபயர் வகையில் பேசத் தகுந்தவை மூன்று. 1959-இல் வந்த 22 மேக்னம் தோட்டா, 40 கிரெயின் (ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.065 கிராம்) எடையுள்ள குண்டை வினாடிக்கு ஏறத்தாழ 1,900 அடி வேகத்தில் செலுத்துகிறது. அதன் கூட்டையே (வெடிமருந்து அடங்கிய உலோகக் குப்பி) கழுத்தில் குறுக்கி 2002-இல் ஹார்னடி நிறுவனம் உருவாக்கிய 17 எச்.எம்.ஆர்., 17 கிரெயின் குண்டை 2,550 அடி வேகத்தில் அனுப்புகிறது. அடுத்த பத்தாண்டுகளுக்குப் பின் வின்செஸ்டர் கொண்டுவந்த 17 டபிள்யூ.எஸ்.எம்., 20 கிரெயின் குண்டுக்கு 3,000 அடி வேகம் தருகிறது. இந்த மூன்றாவது தோட்டாவின் கூடு, கட்டடத் தொழிலாளர்கள் கான்கிரீட்டில் ஆணி அடிக்கப் பயன்படுத்தும் கருவியின் வெற்றுத் தோட்டாவிலிருந்து பிறந்தது என்பது சுவையான செய்தி.

தோல் சேதம் என்ற ஒரே அளவுகோலை வைத்தால் இவற்றை மிஞ்ச ஏதுமில்லை. நரியும் பாப்கேட்டும் 100 கெஜத்துக்குள் நிற்கும்போது, நெஞ்சுக்கூட்டின் நடுவே விழும் 17 எச்.எம்.ஆர். குண்டு உள்ளேயே நொறுங்கி நின்றுவிடும். ஆனால் குழல்வாயில் 245 அடி-பவுண்டு இருக்கும் அதன் ஆற்றல், 100 கெஜத்தில் 136 ஆகவும் 200 கெஜத்தில் 72 ஆகவும் சரிகிறது. மணிக்கு 10 மைல் வேகத்தில் வீசும் குறுக்குக் காற்று 100 கெஜத்திலேயே அதை 3 அங்குலத்துக்கும் மேல் தள்ளிவிடும். கொயோட்டியின் தோள் எலும்பை எதிர்கொள்ளும் உறுதி அந்தச் சிறு குண்டுக்குக் கிடையாது. 17 எச்.எம்.ஆரைக் கொண்டு கொயோட்டியை வீழ்த்தியவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் விலங்கு எந்தக் கோணத்தில், எந்தத் தூரத்தில் வந்து நிற்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாத வேட்டைக்கு அதைத் தேர்ந்தெடுப்பது, பொறுமையையும் நல்வாய்ப்பையும் நம்பி இறங்குவதாகும். நரிக்கும் பாப்கேட்டுக்கும் மட்டும், புதர் அடர்ந்த இடத்தில், அழைப்பொலி எழுப்பி அருகில் வரவழைத்துச் சுடுபவருக்கு இது நிறைவான தேர்வு. கொயோட்டி எதிர்பாராமல் வந்தால் 70, 80 கெஜத்துக்கு அப்பால் சுடாமல் விட்டுவிடும் மனக்கட்டுப்பாடு வேண்டும். சாதாரணச் சிறு ரிம்ஃபயர் தோட்டாவான 22 எல்.ஆர். இந்தக் கணக்கிலேயே வராது.

17 விட்ட சென்டர்ஃபயர் தோட்டாக்கள்

அடிப்பகுதியின் நடுவில் அடித்து எரியூட்டப்படும் இவை, தோலுக்காக வேட்டையாடுபவர்களிடையே ஏறக்குறைய காதல் போன்ற பற்றை உண்டாக்கிய தோட்டாக்கள். 1971-இல் வந்த 17 ரெமிங்டன், 25 கிரெயின் குண்டை வினாடிக்கு 4,000 அடிக்கும் மேலான வேகத்தில் செலுத்தியது. 2007-இல் வந்த 17 ரெமிங்டன் ஃபயர்பால், குறைந்த வெடிமருந்தில் 20 கிரெயின் குண்டுக்கு அதே 4,000 அடி வேகத்தைக் கொடுத்தது. பின்னர் ஹார்னடி கொண்டுவந்த 17 ஹார்னெட், அதே எடையுள்ள குண்டை 3,650 அடியில் அனுப்புகிறது. 55 கிரெயின் 223 தோட்டாவின் பாதையை ஏறக்குறைய அப்படியே பின்தொடரும் இது, அதில் பாதிக்கும் குறைவான ஆற்றலுடன், மிகக் குறைந்த பின்னுதைப்புடன் அதைச் செய்கிறது.

இவற்றால் வீழ்ந்த விலங்கைத் தோலுரிக்கும்போது நுழைந்த துளையைக் கண்டுபிடிக்க உரோமத்தை ஊதி ஊதிப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். பல நேரங்களில் தோலின் உட்புறத்தில் சிறு இரத்தக்கட்டைப் பார்த்த பிறகுதான் இடம் தெரியும். பின்னுதைப்பு இல்லாததால் ஸ்கோப்பின் பார்வை இலக்கை விட்டு அகலாது. குண்டு எங்கே விழுந்தது என்பதைச் சுடுபவர் தாமே பார்த்துவிடுவார். இது சிறிய வசதியாகத் தோன்றலாம், ஆனால் முதல் குண்டு தவறிய விலங்கைத் திருத்திச் சுடவும், இரண்டாவதாக வந்து நிற்கும் விலங்கைக் கவனிக்கவும் பெரிதும் உதவுகிறது.

குறைகளும் உண்டு. 20 கிரெயின் குண்டின் காற்றைக் கிழிக்கும் திறனைக் காட்டும் எண் 0.185 மட்டுமே, திறந்த சமவெளியின் காற்றில் அது 250 கெஜத்துக்கு மேல் நம்பத்தக்கதாக இருப்பதில்லை. 17 ஹார்னெட் குண்டு குழல்வாயிலிருந்து 300 கெஜத்தை எட்டும்போது ஏறத்தாழ 2,100 அடி வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. தோள் எலும்பில் மோதினால் மேற்பரப்பிலேயே சிதறும் ஆபத்து 20 கிரெயினில் கூடுதல், 25 கிரெயினில் குறைவு. ஆகவே கொயோட்டியை முதன்மை இலக்காகக் கொள்பவர் 17 விட்டத்தில் 25 கிரெயின் குண்டைச் செலுத்தும் பெரிய கூட்டையே நாட வேண்டும். அதோடு, குறுகிய குழலில் செப்புப் படிவு விரைவில் துல்லியத்தைப் பாதிக்கும். துப்புரவுக் கம்பி முதல் தூரிகை வரை எல்லாம் தனி அளவு. ஃபயர்பாலுக்கும் 17 ரெமிங்டனுக்கும் கடையில் தோட்டா கிடைப்பதே அரிதாகிவருகிறது. தாமே வெற்றுக் கூடுகளில் வெடிமருந்து நிரப்பித் தோட்டா தயாரிப்பவருக்கு இவை தடையல்ல. மற்றவர்கள் இந்தக் காதலில் இறங்குவதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

204 ரூகர்

2004-இல் துப்பாக்கி நிறுவனமான ரூகரும் ஹார்னடியும் இணைந்து, 222 ரெமிங்டன் மேக்னம் கூட்டைக் குறுக்கி உருவாக்கிய இத்தோட்டா, 17-க்கும் 22-க்கும் இடையே வெற்றாக இருந்த இடத்தை நிரப்பியது. 32 கிரெயின் குண்டுக்கு வினாடிக்கு 4,225 அடி, 40 கிரெயினுக்கு 3,900 அடி என்பவை தொழிற்சாலை வெளியிட்ட வேகங்கள். விளம்பரங்கள் முதல் எண்ணையே முழங்கின. வாங்கியவர்களில் பலரும் அந்த எண்ணுக்காகவே 32 கிரெயினை எடுத்தார்கள். தோல் வேட்டையைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் தவறான தேர்வு என்றே நான் கருதுகிறேன்.

காரணத்தை எண்களே சொல்கின்றன. 32 கிரெயின் குண்டின் காற்றைக் கிழிக்கும் திறனைக் காட்டும் எண் 0.210, 40 கிரெயினுடையது 0.275. புறப்படும்போது 325 அடி பின்தங்கியிருக்கும் கனமான குண்டு, 200 கெஜம் வந்ததும் இலகுவானதைக் கிட்டத்தட்டப் பிடித்துவிடுகிறது. 300 கெஜத்தில் 2,750 அடி வேகத்துடன் அதை முந்திவிடுகிறது. 200 கெஜத்தில் குறி சரிசெய்தால் 300 கெஜத்தில் இரண்டும் 4 அங்குலத்தைச் சற்றே தாண்டித் தாழ்கின்றன. அதாவது, பாதையில் இழப்பு ஏதுமில்லாமல், காற்றில் குறைந்த விலகலும் எலும்பைத் தாண்டும் கூடுதல் உறுதியும் கிடைக்கின்றன. அருகில் நிற்கும் கொயோட்டியின் தோளில் 4,000 அடி வேகத்தில் மோதும் 32 கிரெயின் குண்டு மேற்பரப்பில் வெடிப்பதைப் பற்றிய புலம்பல்கள் இத்தோட்டா வந்த நாளிலிருந்தே உண்டு. 40 கிரெயின் குண்டு அந்த இடத்திலும் பெரும்பாலும் உள்ளே செல்கிறது. நெஞ்சின் பக்கவாட்டில் விழுந்தால் பெரும்பாலும் உள்ளேயே முடிகிறது. நரியை மட்டும் வேட்டையாடுபவருக்கு 32 கிரெயின் போதும், எலும்புகள் மெல்லியவை என்பதால்.

பின்னுதைப்பு 17 விட்டத் தோட்டாக்களைவிடச் சற்றுக் கூடுதல் என்றாலும், சற்றே கனமான ரைஃபிளில் குண்டு விழுவதை ஸ்கோப்பில் காணலாம். துப்புரவுக் கருவிகள் தனி அளவாக வாங்க வேண்டும். தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்காது, ஆனால் தேடினால் கிடைக்கும்.

223 ரெமிங்டனும் அதன் பொதுமையும்

1964 முதல் சந்தையில் உள்ள 223-ஐத் தோல் வேட்டைக்கு ஒவ்வாதது என்று ஒதுக்குபவர்கள், அதில் 55 கிரெயின் குண்டு மட்டுமே உண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 3,240 அடி வேகத்தில் புறப்படும் அந்த 55 கிரெயின் மென்முனைக் குண்டு கொயோட்டியின் நெஞ்சைத் துளைத்து, மறுபக்கத்தில் எலுமிச்சை அளவு ஓட்டை விடுவது வழக்கம்தான். அதே ரைஃபிளில் 40 முதல் 50 கிரெயின் வரையிலான பாலிமர் முனைக் குண்டைப் போட்டால் நிலைமை வேறு. வேகம் கூடுகிறது, எடை குறைகிறது, உறை மெலிகிறது. பெரும்பாலான நெஞ்சுக் காயங்கள் மறுபக்கம் எட்டுவதில்லை. 223-ஐ ஏற்கெனவே வைத்திருப்பவர் புதிய ரைஃபிளுக்குச் செலவழிப்பதற்கு முன், நான்கைந்து வகைக் குண்டுகளுக்குச் செலவழிப்பது அறிவுடைமை.

இங்கே குழலின் புரி (குண்டைச் சுழலவைக்க உட்சுவரில் வெட்டப்பட்ட திருகுப் பள்ளம்) ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. பழைய ரைஃபிள்களில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றிருந்த புரி, நீண்ட குண்டுகளுக்காக இப்போது 8 அல்லது 7 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக இறுகியிருக்கிறது. 3,240 அடி வேகத்தில் 12 அங்குலப் புரியில் புறப்படும் குண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,94,000 முறை சுழல்கிறது. 7 அங்குலப் புரியில் அதே வேகத்தில் 3,33,000 முறை. மிக மெல்லிய உறையுள்ள குண்டுகள் அந்தச் சுழற்சியைத் தாங்காமல் வழியிலேயே சிதறிவிடக்கூடும். சிதறாதவையும் விலங்கைத் தொட்டதும் எதிர்பார்த்ததைவிட விரைவாகத் திறக்கும். ஆகவே இறுகிய புரியுள்ள ரைஃபிள் வைத்திருப்பவர் மிக இலகுவான, மிக மென்மையான குண்டைத் தவிர்த்து 50 கிரெயின் அளவில் நிற்பது பாதுகாப்பானது.

223-இன் உண்மையான வலிமை வேறெங்கோ இருக்கிறது: எங்கும் கிடைக்கும், விலை குறைவு, பயிற்சிக்கு நிறையச் சுடலாம். தோலைக் காப்பதில் காலிபரைவிடக் குண்டு விழும் இடம் முக்கியம் என்றால், இலக்குப் பலகையில் ஆயிரம் முறை பழகிய 223 வேட்டைக்காரர், விலை கருதி ஆண்டுக்கு ஐம்பது தோட்டாக்கள் மட்டும் சுடும் 17 ஃபயர்பால் வேட்டைக்காரரைவிட நல்ல தோல்களையே கொண்டுவருவார்.

22-250, 220 ஸ்விஃப்ட், 243

பல பத்தாண்டுகள் தனியார் சோதனைத் தோட்டாவாக உலவி, 1965-இல் ரெமிங்டன் முறைப்படுத்திய 22-250, 55 கிரெயின் குண்டை 3,680 அடியில் செலுத்துகிறது. 1935-இல் வந்த 220 ஸ்விஃப்ட் 48 கிரெயினை 4,110 அடியில் அனுப்பியது. சமவெளியில் 300 கெஜத்துக்கு அப்பால் நிற்கும் கொயோட்டிக்கு இவை மிகச் சிறந்தவை; அங்கே இவற்றைக் குறைகூற ஏதுமில்லை. அருகில் நிற்கும் விலங்குக்குத்தான் சிக்கல். எந்தக் குண்டைப் போட்டாலும் ஆற்றல் மிகுதி. மறுபக்கம் போனாலும் இழப்பு, மேற்பரப்பில் வெடித்தாலும் இழப்பு. நான் முன்னே சொன்ன இடைவெளி இங்கே மிகக் குறுகியது. 50 கிரெயின் பாலிமர் முனைக் குண்டுடன் நல்ல பலன் கண்டவர்கள் உண்டு. தாமே தோட்டா நிரப்புபவர் வேகத்தைச் சற்றுக் குறைத்து 223-ஐப் போலவே ஆக்கிக்கொள்ளவும் முடியும், ஆனால் அப்படியானால் 223-ஐயே வாங்கியிருக்கலாமே என்ற கேள்வி எழும்.

243 வின்செஸ்டரை 1955 முதல் மானுக்கும் கொயோட்டிக்கும் பொதுவாக வைத்திருப்போர் பலர். 58 கிரெயின் மென்குண்டு 3,750 அடியில் புறப்பட்டு, சில நேரம் வியக்கத்தக்க வகையில் உள்ளேயே முடிந்துவிடும். எலும்பைத் தொட்டால் தையலுக்கு அடங்காத கிழிசல். நரிக்கு இது எவ்வகையிலும் பொருந்தாது. ஒரே ரைஃபிள் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் உள்ளவர் மட்டுமே தோல் வேட்டைக்கு இதை எடுப்பார்.

தூரம் செய்யும் விந்தை

தோல் சேதத்தைப் பற்றிப் பேசும்போது, தூரம் கூடக் கூடச் சேதம் குறையும் என்றே பலரும் நம்புகிறார்கள். நொறுங்கும் குண்டுகளைப் பொறுத்தவரை இது பல நேரம் தலைகீழாக நடக்கிறது. 100 கெஜத்தில் முழு வேகத்துடன் நுழையும் குண்டு உடனே தூளாகிறது. அதே குண்டு 300 கெஜத்தில், 223-இன் 55 கிரெயின் போல 2,200 அடிக்கு இறங்கிய நிலையில் நுழையும்போது, தூளாகும் வேகம் இல்லாமல் காளான் போல விரிந்து, ஒரே கட்டியாக மறுபக்கம் போய், அகன்ற துளையுடன் வெளியேறுகிறது. ஆகவே ஒரு குண்டு 80 கெஜத்தில் காட்டிய நற்குணத்தை நம்பி 300 கெஜத்திலும் அதையே எதிர்பார்ப்பது ஏமாற்றத்தில் முடியும். வழக்கமாகச் சுடும் தூரம் எதுவோ, அந்தத் தூரத்தில் குண்டுக்கு மிஞ்சியிருக்கும் வேகத்தைப் பார்த்தே தேர்வு செய்ய வேண்டும்.

கோணமும் அதே அளவுக்குப் பொருட்படுத்தத் தக்கது. அழைப்பொலியைக் கேட்டு வரும் கொயோட்டி பெரும்பாலும் நேராக வேட்டைக்காரரை நோக்கியே வந்து நிற்கும். நெஞ்சின் முன்பகுதியில் நுழையும் குண்டுக்கு உடலின் நீளம் முழுவதும் கடக்கக் கிடைக்கிறது. 22-250 கூட அந்த ஆழத்தில் பெரும்பாலும் தீர்ந்துபோகும். பக்கவாட்டில் நிற்கும்போது தோள் எலும்புக்குச் சற்றுப் பின்னால், விலா எலும்புகளுக்கிடையே குறிவைப்பது நலம். கால்கள் அசையும் இடத்தையும் வயிற்றையும் தவிர்க்க வேண்டும். வயிற்றில் பட்ட விலங்கு ஓடும், துன்பப்படும், தோலும் கறைபடும்.

விலங்குக்கு விலங்கு மதிப்புள்ள பகுதி வேறு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கொயோட்டியில் முதுகும் பக்கங்களும் விலைபோகும். பாப்கேட்டிலோ வெண்மையான, கரும்புள்ளிகள் தெளிந்த வயிற்றுப் பகுதியின் அகலமே விலையைத் தீர்மானிக்கிறது. முதுகில் விழுந்த சிறு துளையைப் பொறுத்துக்கொள்ளும் வாங்குபவர் வயிற்றில் விழுந்ததைப் பொறுக்கமாட்டார். செந்நரியின் தோல் மிக மெல்லியது; அதே குண்டு கொயோட்டியில் விட்டதைவிட இரண்டு மடங்கு கிழிசலை நரியில் விடுவதற்கு இதுவே காரணம்.

முழு உறையிட்ட குண்டுகள்

இரண்டாவது வழியாகச் சொன்ன விரியாத குண்டுகளைப் பலரும் முதல் விடையாக நினைக்கிறார்கள். மெதுவாகச் செல்லும் தோட்டாக்களில், நரியளவு விலங்கில், அவை உண்மையிலேயே இரண்டு சிறு துளைகளுடன் முடித்துவிடும். ஆனால் 223-இன் 55 கிரெயின் முழு உறைக் குண்டு, ஏறத்தாழ 2,700 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் உடலுக்குள் புரளும்போது நடுவே உடைந்து சிதறும் இயல்புடையது. அருகில் சுட்டால் தோலுக்கு நன்மை எதுவும் இல்லை. தூரத்தில் சுட்டால் உடையாது, ஆனால் உள்ளே செய்யும் சேதம் குறைவு என்பதால் கொயோட்டி நூறு இருநூறு கெஜம் ஓடி மறைந்துவிடும். சிறு துளையிலிருந்து இரத்தத் தடமும் விழாது. எதிலாவது பட்டுத் தெறித்துச் செல்லும் ஆபத்தும் இவற்றில் கூடுதல். கண்ணியில் பிடிபட்ட விலங்குக்கு அருகிலிருந்து சுடுவது வேறு. திறந்தவெளி வேட்டைக்கு இவற்றை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஷாட்கன் இந்த ஒப்பீட்டின் எல்லைக்கு வெளியே என்றாலும், அடர்ந்த புதர்களில் 40 கெஜத்துக்குள் பெரிய சன்னங்களால் சுடப்பட்ட தோல், சிறு துளைகள் பல இருந்தும் நல்ல நிலையிலேயே இருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தேர்வு

கொயோட்டியும் நரியும் கலந்து வரும் இடத்தில், 50 முதல் 300 கெஜம் வரை எந்தத் தூரத்திலும் சுட நேரலாம் என்றால், 40 கிரெயின் குண்டுடன் கூடிய 204 ரூகரே என் முதல் தேர்வு. இடைவெளி அதில்தான் அகலம். எலும்பில் பட்டாலும் உள்ளே போகிறது, எலும்பில் படாவிட்டாலும் பெரும்பாலும் வெளியே போவதில்லை. நரியும் பாப்கேட்டும் மட்டும், 200 கெஜத்துக்குள், என்றால் 17 ஹார்னெட்டை மிஞ்ச எதுவுமில்லை. தாமே தோட்டா நிரப்பும் பொறுமைசாலிக்கு 25 கிரெயின் குண்டுடன் 17 ரெமிங்டன் இன்னும் ஓர் அரிய கருவியாகவே இருக்கிறது. 223 கையில் இருப்பவர் ரைஃபிளை மாற்றாமல் குண்டை மாற்றட்டும். மேற்குச் சமவெளியின் ஓயாத காற்றில் 300 கெஜத்துக்கு அப்பால் சுடுபவர் 22-250-ஐ எடுத்து, அருகில் வந்தவற்றில் சில தோல்களைத் தைக்க வேண்டியிருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ளட்டும். சிறிய துளைகளைத் தோலின் உட்புறமிருந்து நுண்ணிய தையலால் மூடினால் உரோமப் பக்கத்தில் தெரிவதில்லை; துண்டு பெயர்ந்து போன இடத்தைத்தான் எந்தத் தையலும் மீட்பதில்லை.

கடைக்குப் போவதற்கு முன் சட்டத்தைப் பார்ப்பது கட்டாயம். மாநிலத்துக்கு மாநிலம், மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும். எந்தத் தோட்டா, எந்த நேரம், எந்தப் பருவம் என எல்லாவற்றுக்கும் தனித்தனி வரம்புகள் உண்டு. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டுகளே கூடாது. அங்கே மேலே சொன்ன குண்டுகளுக்குப் பதிலாகச் செம்பு அல்லது துத்தநாகம் சார்ந்த உலோகக் கலவையால் ஆன நொறுங்கும் குண்டுகளைத் தேட வேண்டும். அவை ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தவை என்பதால் அதே எடையில் நீளம் கூடி, மெதுவான புரியுள்ள குழலில் நிலைபெறாமல் போகலாம். பாப்கேட், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், ஏற்றுமதிக்குச் செல்லும் ஒவ்வொரு தோலுக்கும் உரிய முத்திரைப் பட்டி வேண்டும்.

இரண்டு மூன்று வகைக் குண்டுகளாகத் தேர்வைச் சுருக்கிய பிறகு, மிச்சத்தைத் தோலுரிக்கும் மேசைதான் சொல்லும். ஒவ்வொரு விலங்குக்கும் தூரம், நின்ற கோணம், நுழைந்த இடம், எலும்பில் பட்டதா, வெளியேறியதா, துண்டுகள் எங்கே நின்றன என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், ஒரு பருவம் முடிவதற்குள் அந்தக் குண்டு அந்த ரைஃபிளில் எந்தத் தூரம் வரை நம்பத்தக்கது என்பது தெரிந்துவிடும். இரண்டே விலங்குகளை வைத்து ஒரு குண்டைப் புகழ்வதும் ஒதுக்குவதும் பயனற்றவை. குறைந்தது ஏழெட்டு விலங்குகளைப் பற்றியாவது எழுதப்பட வேண்டும், அவற்றில் தோளில் பட்டதும் முன்னே நின்று பட்டதும் இருக்க வேண்டும்.